பர்வதமலை ஏறும் கால்களுக்குத் தபோவனத்தில் வழிகாட்டி எதற்கு?

ஆரணி வாசகர் ஒருவரின் கேள்வி, 14 ஜூன் 2025

எனக்கு 34 வயது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பர்வதமலை ஏறுகிறேன். கடப்பாறைப் படியில்கூட நிற்பதில்லை. வெள்ளியங்கிரி நான்கு தடவை ஆகிவிட்டது. செப்டம்பரில் இமயமலையில் இருக்கும் கங்கோத்ரி போய், கங்கை பிறக்கும் பனியாற்று முகப்பான கோமுகம், அதற்கு மேலே தபோவனப் புல்வெளி வரை நடக்க நண்பர்கள் மூன்று பேர் திட்டம் போட்டிருக்கிறோம். மலைப்பயணம் கூட்டிப்போகும் ஒரு கம்பெனியில் கேட்டால் ஒன்பது நாள் என்கிறார்கள். தூரத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான். அதிலும் ஒரு நாள் முழுக்கக் கங்கோத்ரியில் சும்மா உட்கார வைக்கிறார்கள். காசு பிடுங்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்பது என் கருத்து. வழிகாட்டி இல்லாமல் மூன்று நாளில் போய்வர முடியாதா? போய்வந்தவர்கள் சொல்லவும்.

14 ஜூன் 2025, இரவு

போய்வந்தவன் சொல்கிறேன். காட்பாடி, 52 வயது, ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. 2023 புரட்டாசியில் ஒரு தடவை, 2024 புரட்டாசியில் ஒரு தடவை அந்தப் பக்கம் போனேன்.

மூன்று நாளில் முடியாது. வழிகாட்டி இல்லாமலும் முடியாது. கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் கோமுகம் பக்கம் ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. அதைத் தாண்டித் தபோவனம் போக வேண்டுமென்றால் பதிவு பெற்ற கம்பெனி மூலம், வழிகாட்டியோடு, வனத்துறைச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். பூங்காவே ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரைதான் திறந்திருக்கும்.

சட்டம் கிடக்கட்டும், அந்த "சும்மா உட்காரும் நாள்" பற்றிச் சொல்கிறேன். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 216 மீட்டர். பர்வதமலை, வெள்ளியங்கிரி இரண்டுமே 2,000 மீட்டருக்குக் கீழே. கங்கோத்ரி ஊரே சுமார் 3,100 மீட்டர். அங்கிருந்து 9 கிலோமீட்டரில் சீர்பாசா 3,600, 14இல் போஜ்பாசா 3,800, 18இல் கோமுகம் ஏறத்தாழ 4,000, தபோவனம் 4,400க்கும் மேல். அங்கே காற்றில் ஆக்ஸிஜன் 12 சதவீதம்தான். பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்திலேயே நீங்கள் இதுவரை ஏறிய எல்லா மலைகளுக்கும் மேலே இருப்பீர்கள்.

2023இல் எங்கள் குழுவில் ஒருவர் போஜ்பாசாவில் தடுமாறிப்போனார். வழிகாட்டி அன்று மதியமே அவரைக் கீழே அனுப்பிவிட்டார். நல்ல திடகாத்திரமான ஆள்தான்.

15 ஜூன் 2025

நேற்று ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன். குடியாத்தத்திலிருந்து ஒரு இயற்பியல் ஆசிரியர் சுட்டிக்காட்டினார், நன்றி. ஆக்ஸிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். தபோவன உயரத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜன், இங்கே 12 சதவீதம் இருந்தால் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுதான்.

இதைச் சரிக்கட்ட உடம்பு மூச்சைக் கூட்டுகிறது. மூச்சு கூடினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து காரத்தன்மை ஏறுகிறது. அதைச் சிறுநீரகம் மெல்ல மெல்ல வெளியேற்றிச் சமன் செய்ய இரண்டு மூன்று நாள் வேண்டும். கால் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிற பையனுக்கும் இதே இரண்டு மூன்று நாள்தான் ஆகும்.

மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டருக்கு மேலே போனபின் இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும். பகலில் மேலே ஏறிப் பார்க்கலாம், தூங்கக் கீழே வந்துவிட வேண்டும். கம்பெனிக்காரர் உங்களுக்குச் சொன்ன ஒன்பது நாளை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள், எங்கேயும் அதிகமில்லை.

18 ஜூன் 2025

ஆரணித் தம்பி கேட்டது: "ஏன் இரண்டு தடவை போனீர்கள்?" பிறகு எழுதுகிறேன். இந்த வாரம் ஷிப்மெண்ட்.

22 ஜூன் 2025

ஞாயிறு. ஷூ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

புது ஷூவைவிட ஆபத்தானது, ஐந்தாறு வருடத்துக்கு முன் வாங்கிப் பரணில் வைத்த புத்தம் புது ஷூ. நடைஷூக்களில் அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவே மெத்தென்று ஒரு அடுக்கு இருக்கும். பெரும்பாலும் அது பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரமே அதை உள்ளுக்குள் அரித்துவிடும். நடந்துகொண்டே இருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் கெடாது, பெட்டியிலேயே கிடந்தால் சீக்கிரம் கெடும். வெளியே பளபளவென்று இருக்கும். கட்டைவிரலால் அந்த அடுக்கை அழுத்திப் பாருங்கள். விரல் எடுத்தபின் பள்ளம் நின்றாலோ, சின்ன விரிசல் தெரிந்தாலோ, பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தாலோ அந்த ஷூவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பசை போட்டெல்லாம் அதைக் காப்பாற்ற முடியாது, பசை பிடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

2023இல் மச்சான் கொண்டுவந்தது அப்படிப்பட்ட ஷூ. பெங்களூரில் வாங்கி ஆறு வருடம் பீரோ மேலே இருந்தது. "மாமா, ஒரு தடவைகூடப் போடலை" என்று பெருமையாகக் காட்டினான். எனக்கே அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை, அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. சீர்பாசா தாண்டியதும் வலது ஷூவின் அடி முன்பக்கம் வாயைத் திறந்தது. கயிற்றால் கட்டிக்கொண்டு போஜ்பாசா வரை வந்தான். என் பையில் குத்தூசியும் மெழுகு நூலும் எப்போதும் இருக்கும். தைத்தாயிற்று. அதே ஷூவோடு அவன் தபோவனம் போய்வந்தான்.

மற்றபடி அளவு எடுக்கும்போது சாயங்காலம் எடுங்கள், கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு, நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். அந்த இடம் இல்லாவிட்டால்தான் இறங்கும்போது நகம் முட்டிக் கருத்துப்போகும். வாங்கிய ஷூவில் குறைந்தது நூறு கிலோமீட்டராவது இங்கேயே நடந்துவிடுங்கள். மேலே போனபின் ராத்திரி ஷூவைக் கூடாரத்து வாசலில் விடாதீர்கள். ஈரத்தோடு இருந்தால் காலையில் கட்டை மாதிரி இறுகியிருக்கும், கால் நுழையாது.

6 ஜூலை 2025

"பனியாறு எப்படி இருக்கும், வெள்ளையாக வழுக்குமா?" என்று வாலாஜாவிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். 2024இல் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

போஜ்பாசாவில் பாகீரதி ஆற்றைக் கம்பியில் தொங்கும் ஒரு தொட்டியில் உட்கார்ந்து கடக்க வேண்டும். அக்கரையிலிருந்து கயிற்றை இழுப்பார்கள். கீழே தண்ணீர் சாம்பல் கரைத்தது மாதிரி ஓடும். பனியாறு பாறையை மாவாக அரைத்து அனுப்புவதால் வரும் நிறம் அது. அப்புறம் மணிக்கணக்கில் பாறை மேல் பாறையாகத் தாவி நடை. கோமுகத்தின் வாய் எதிரே தெரியும். பக்கத்தில் போக வழிகாட்டி விடவில்லை. வீடு வீடாகப் பனிக்கட்டி அந்த முகப்பிலிருந்து எப்போது வேண்டுமானாலும் சரியும். 2016இல் முகப்பின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தது. 1935இலேயே இந்த முகப்பை அளந்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து சராசரியாக ஆண்டுக்குச் சுமார் இருபது மீட்டர் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது.

கடைசி ஏற்றம் ஆகாஷ் கங்கா ஓடை ஓரமாக. காலை ஐந்தரைக்கே கிளப்பினார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். பனி உருகி வரும் ஓடை காலையில் கணுக்கால் அளவு இருக்கும், வெயில் ஏறி மதியம் தாண்டினால் முழங்காலுக்கு மேல் வந்துவிடும். கல்லும் அப்படித்தான். ராத்திரி உறைந்த மேடு கல்லைப் பிடித்து வைத்திருக்கும், வெயில் பட்டதும் விட்டுவிடும். திரும்பும் நாள் மதியம் தூரத்தில் நின்று கேட்டேன், லாரியில் ஜல்லி கொட்டுகிற சத்தம் நிற்கவே இல்லை.

மேலே ஏறியதும் சட்டென்று புல்வெளி. நடுவில் ஓடை. தலைக்கு நேர் மேலே சிவலிங்க சிகரம், 6,543 மீட்டர். 1974 ஜூனில் இந்தோ திபெத் எல்லைக் காவல் படையினர்தான் முதலில் அதில் ஏறினார்கள். தபோவனம் அந்த மலைக்கு அடிவார முகாம். கூடாரம் போட்டுக்கொண்டிருக்கும்போது நீலச்செம்மறிகள் பத்துப் பன்னிரண்டு, நம்மூர் வெள்ளாடு மாதிரி, பயமில்லாமல் மேய்ந்துகொண்டு பக்கத்தில் வந்தன.

மறுநாள் பனியாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நந்தன்வனம் போகும் வழியில் பனியாற்றின் மேல் சில மணி நேரம் நடந்தோம். அம்மா, அது வெள்ளையே இல்லை. கல் குவாரி மாதிரி இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் கல், மண், புழுதி. முப்பது கிலோமீட்டர் நீளப் பனியாறு இந்தப் போர்வைக்கு அடியில் கிடக்கிறது. வழிகாட்டி ஓரிடத்தில் தடியால் புழுதியைத் தள்ளிக் காட்டினார். விரற்கடை அளவு மண்ணுக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி மாதிரி பனி. காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுவது கேட்டது. கொஞ்ச தூரத்தில் ஒரு வெடிப்பு, அதற்குள்தான் நீங்கள் நினைக்கிற நீலமும் பச்சையும். ஒரு மாட்டுவண்டி அளவுப் பாறை, பனித்தூண் ஒன்றின் மேல் மேசை மாதிரி நின்றது. பாறையின் நிழல் விழுந்த இடம் உருகவில்லை, சுற்றி இருந்ததெல்லாம் உருகி இறங்கிவிட்டது. போர்வை கனமாக இருந்தால் கீழே இருக்கும் பனியைக் காக்கும், மெல்லிய புழுதியாக இருந்தால் வெயிலை இழுத்து இன்னும் வேகமாக உருக்கும் என்று வழிகாட்டி சொன்னார். அவர் உத்தரகாசி பக்கத்துக்காரர். மேல்விஷாரத்தில் பத்து வருடம் வேலை பார்த்ததில் எனக்கு உருது பேச வரும், அவரோடு அதில்தான் பேசினேன்.

அங்கே பாதை என்று ஒன்று கிடையாது. சென்ற வாரம் போன வழி இந்த வாரம் வெடிப்பாக இருக்கும். அவர் கால் வைத்த கல்லில்தான் நாங்கள் கால் வைத்தோம்.

7 ஜூலை 2025

"2024இல் நான் பார்த்ததைச் சொல்கிறேன்" என்று எழுதியதைத் தம்பி பிடித்துக்கொண்டார். 2023இல் பார்த்தது என்ன ஆயிற்று என்கிறார். சரி, எழுதுகிறேன், இரண்டு நாள் கொடுங்கள்.

13 ஜூலை 2025

இரண்டு நாள் என்று சொல்லி ஆறு நாள் ஆகிவிட்டது.

முதல் குறிப்பில் "குழுவில் ஒருவர் தடுமாறிப்போனார்" என்று எழுதினேன். அந்த ஒருவர் நான்தான். 2023இல் நான் தபோவனம் பார்க்கவில்லை. போஜ்பாசாவோடு திரும்பினேன்.

கங்கோத்ரியில் ஒரு நாள் ஓய்வு எங்கள் திட்டத்திலும் இருந்தது. அதை வெட்டச் சொன்னது நான். கம்பெனியில் லீவு கிடைப்பது கஷ்டம், ஒரு நாள் மிச்சமானால் டெல்லியில் மச்சான் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கலாம் என்று கணக்கு. நாங்கள் பணம் கட்டிய அலுவலகம் போனிலேயே சரி என்று சொல்லிவிட்டது. வழிகாட்டிக்கு அது பிடிக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. ரிஷிகேஷில் விடியற்காலை வண்டி ஏறி ராத்திரி கங்கோத்ரி. ஒரே நாளில் அடிவாரத்திலிருந்து 3,100 மீட்டர். அன்று ராத்திரியே பின்மண்டையில் வலி. பயண அலுப்பு என்று நினைத்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். காலையில் வழிகாட்டி ஒவ்வொருவரையும் கேட்டார், தலைவலி உண்டா, தூங்கினீர்களா, சாப்பிடப் பிடிக்கிறதா. மூன்றுக்கும் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன். மூன்றும் பொய்.

சீர்பாசாவில் தங்காமல் ஒரே மூச்சில் 14 கிலோமீட்டர் நடந்து மதியம் ஒன்றரைக்குப் போஜ்பாசா. வாந்தி வரும்போல் இருந்தது. மச்சான் ஷூவை நீட்டினான். எனக்கும் ஏதாவது வேலை செய்தால் தேவலை என்று இருந்தது, குத்தூசியை எடுத்து உட்கார்ந்தேன்.

செருப்புத் தைக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். குத்தூசியின் நுனியில் சின்ன மூக்கு இருக்கும். அடித்தோலில் குத்தி உள்ளே விட்டு, அடுத்த கையால் நூலை அந்த மூக்கில் மாட்டி, வெளியே இழுக்க வேண்டும். பதினேழு வயதிலிருந்து செய்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அன்று நூல் மூக்கில் மாட்டவில்லை. நூல் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது, கை அதற்கு அரை அங்குலம் தள்ளிப் போகிறது. மூன்று தடவை. நான்காம் தடவை ஊசி என் இடது கட்டைவிரலில் ஏறியது. வலிக்கவில்லை. ரத்தம் ஷூமேல் சொட்டியதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

எதிரே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த வழிகாட்டி கத்தியைக் கீழே வைத்தார். எதுவும் கேட்கவில்லை. என்னை எழுப்பி, தரையில் கல் பாவிய ஒரு கோட்டைக் காட்டி, குதிகாலும் கால்நுனியும் முட்ட முட்ட நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் சரிந்து அவர் தோளில் விழுந்தேன். "இப்போதே இறங்குகிறீர்கள்" என்றார். தலைவலி மட்டும் என்றால் இருந்த இடத்திலேயே ஓய்வு எடுத்துப் பார்க்கலாம். நிதானம் தவறினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம், அதற்குப் பிறகு உடனே இறங்குவதுதான் முதல் வைத்தியம்.

இரண்டரை மணிக்கு உதவி வழிகாட்டியும் ஒரு சுமைதூக்கியும் என்னைக் கீழே கூட்டிவந்தார்கள். என் பையைச் சுமைதூக்கி எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் என் இடது கையை ஒருவர் பிடித்திருந்தார். எத்தனை மணிக்குக் கங்கோத்ரி வந்தோம் என்று எனக்கு ஞாபகமில்லை, இருட்டிவிட்டது. கோயில் மணி கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. மறுநாள் மதியம் அதே கோட்டு நடையை நடந்து பார்த்தேன். நேராக நடந்தேன்.

ஷூவை யார் தைத்தார்கள் என்றால், வழிகாட்டி தைத்திருக்கிறார். என் ஊசி, என் நூல். மச்சான் ஊருக்கு வந்தபின் அந்தத் தையலைப் பார்த்தேன். சுமாரான தையல்தான், ஆனால் பிரியவில்லை. அந்த ஷூவை இன்னும் வைத்திருக்கிறேன்.

14 ஜூலை 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு வீட்டுக்காரம்மா கோபித்துக்கொண்டார். அவருக்கும் இரண்டு வருடமாக "அசதியாக இருந்தது, இறங்கிவிட்டேன்" என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

20 ஜூலை 2025

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கங்கோத்ரியில் மற்றவர்களுக்காகக் காத்திருந்த நான்கு நாளும் அந்த வழிகாட்டிமேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஒரு ராத்திரி அங்கேயே படுத்திருந்தால் சரியாகியிருக்கும், அவசரப்பட்டுவிட்டார், என் பணம் போயிற்று என்று பொருமினேன். ஊருக்கு வந்து ஆறு மாதம் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மனம் மாறியது வேலூரில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் வேறு விஷயமாகப் போனபோது. ஊசி கட்டைவிரலில் ஏறிய கதையைச் சும்மா சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, "அன்று ராத்திரி அங்கேயே தூங்கியிருந்தால் காலையில் எழுப்பியிருக்க முடியாது" என்றார். வெளியே வந்து வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

2024இல் அதே வழிகாட்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஹர்சிலில் ஒரு ராத்திரி, அது சுமார் 2,600 மீட்டர். கங்கோத்ரியில் இரண்டு, சீர்பாசாவில் ஒன்று, போஜ்பாசாவில் இரண்டு, அப்புறம்தான் தபோவனம். தினமும் காலையும் மாலையும் அவர் கேட்பதற்கு முன்பே நானே போய்ச் சொன்னேன், ராத்திரி இவ்வளவு தூங்கினேன், இத்தனை சப்பாத்தி சாப்பிட்டேன், தலை இங்கே லேசாக வலிக்கிறது. போஜ்பாசாவில் இரண்டாம் நாள் அவர் கேட்காமலேயே குத்தூசியை எடுத்து நூலை மாட்டிக் காட்டினேன். சிரித்தார்.

ஜூன் 14 குறிப்பில் வழிகாட்டி வேண்டும் என்பதற்குச் சட்டத்தை முதலில் சொல்லியிருந்தேன். அந்த வரிசை தப்பு. பாதை காட்டுவதைக்கூட இரண்டாவதாக வையுங்கள். உயரத்தில் முதலில் கெடுவது நம் புத்தி, கெட்டது நமக்கே தெரியாது. கெடாத புத்தியோடு பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், திருப்பி அனுப்பும் அதிகாரமும் அந்த ஆளிடம் இருக்க வேண்டும். கம்பெனியிடம் பேசும்போது இதைக் கேளுங்கள்: வழிகாட்டி ஒருவரை இறக்கிவிட முடிவு செய்தால் கூட இறங்க இன்னொருவர் இருக்கிறாரா? எங்கள் குழுவில் உதவி வழிகாட்டி இல்லாமல் போயிருந்தால் என் ஒருவனுக்காக எல்லாரும் திரும்பியிருக்க வேண்டும், அல்லது நான் அங்கேயே கிடந்திருக்க வேண்டும்.

27 ஜூலை 2025

டயமாக்ஸ் மாத்திரை பற்றிப் பலர் கேட்கிறீர்கள். மருந்தின் பெயர் அசெட்டசோலமைடு. மேலே சொன்ன அந்த ரத்தக் காரத்தன்மையைச் சிறுநீரகம் சீக்கிரம் வெளியேற்ற உதவும், உடம்பு பழகுவதைத் துரிதப்படுத்தும். வழக்கமாக 125 மில்லிகிராம் காலை ஒன்று, மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் வாங்கக்கூடாது. விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும். டாக்டரைக் கேட்டு, வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். வலி மாத்திரை வேறு. அது தலைவலியை மறைக்கும், நான் செய்ததைப் போல.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். சாப்பாட்டைப் பாருங்கள். உங்களோடு வந்தவன் தட்டை அப்படியே வைத்தால் விசாரியுங்கள்.

6 ஆகஸ்ட் 2025

நேற்று மதியம் தராலியில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கீர் கங்கா ஓடையில் சேறும் பாறையும் வந்து ஊரில் பாதியை மூடிவிட்டது. கங்கோத்ரிக்கு இருபது கிலோமீட்டர் முன்னால், ஹர்சிலைத் தாண்டியதும் சாலையோரத்து ஊர்.

2024இல் அங்கே வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். ஆப்பிள் பறிக்கும் பருவம். கடைக்காரப் பெண் மடியிலிருந்து இரண்டு ஆப்பிளைத் துடைத்துக் கொடுத்து, காசு வேண்டாம் என்றார். வீடியோவைப் பத்துத் தடவை பார்த்துவிட்டேன். கடை இருந்த வளைவை அடையாளம் தெரியவில்லை.

வழிகாட்டிக்கு நேற்று இரவிலிருந்து போன் போடுகிறேன். மணி போகவில்லை.

9 ஆகஸ்ட் 2025

வழிகாட்டி பேசினார். உத்தரகாசியில் இருக்கிறார், குடும்பத்தோடு நலம். குரல் உடைந்திருந்தது. அவருக்குத் தெரிந்தவர்கள் தராலியில் உண்டு. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

தம்பி, செப்டம்பர் பயணத்தை விட்டுவிடுங்கள். சாலை பல இடத்தில் போயிருக்கிறது. அங்கே இப்போது போக வேண்டியவர்கள் வேறு.

17 ஆகஸ்ட் 2025

இழையை விட்டு விலகுகிறேன் என்று தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மாலை பாலாற்றுப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டி நின்றேன். சின்ன வயதில் இதே மணலில் ஊற்று தோண்டிக் குடித்திருக்கிறோம். கையால் முழங்கை ஆழம் பறித்தால் போதும், முதலில் கலங்கல், அப்புறம் தெளியும். 2021 நவம்பரில் இரு கரையும் முட்டி வெள்ளம் போனபோது ஊரே பாலத்தில் நின்று பார்த்தது, நானும் பார்த்தேன். ஆறு வரும் என்பதையே மறந்துவிட்ட ஊர் இது.

தபோவனத்தில் விடியற்காலை கூடாரத்துக்கு வெளியே வந்தபோது ஓடையில் சத்தமே இல்லை. மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. வெயில் சிவலிங்கத்தின் உச்சியில் பட்டு, மெல்லக் கீழே இறங்கி, எட்டு மணிவாக்கில் புல்வெளிக்கு வந்தது. அப்போது பனித்தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. கால் மணி நேரத்தில் ஓடை பேச ஆரம்பித்துவிட்டது. குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காட்பாடிக்காரனுக்கு ஆறு தொடங்குவதைப் பார்ப்பது சாதாரண விஷயமில்லை. மச்சான் போட்டோ எடுக்கக் கூப்பிட்டான், போகவில்லை.

24 ஆகஸ்ட் 2025

தம்பி 2026 மே கடைசியில் போவதாக முடிவு செய்திருக்கிறார். கங்கோத்ரியில் இரண்டு ராத்திரி, சீர்பாசாவில் ஒன்று, உதவி வழிகாட்டியோடு. பட்டியலைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஹர்சிலில் ஒரு ராத்திரி சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதி விதிகளும் சாலை நிலைமையும் கிளம்பும் முன் உத்தரகாசி வனத்துறையில் ஒரு தடவை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பயிற்சிக்கு எதை ஏறலாம் என்றால், சோளிங்கர் பெரிய மலை 1,305 படி. ரோப்கார் வந்தபின் படியில் கூட்டம் குறைந்திருக்கிறது, நமக்கு நல்லது. முதுகில் எட்டு கிலோ வைத்து, வாயைத் திறக்காமல் மூக்கால் மூச்சு விட முடிகிற வேகத்தில் ஏறுங்கள். வேகம் கூடினால் நின்றுவிடாமல் வேகத்தைக் குறையுங்கள். பர்வதமலையில் முந்திக்கொண்டு ஏறிய பழக்கத்தை இப்படித்தான் மாற்ற முடியும். படி இறங்குவதையும் பயிற்சியாக நினையுங்கள், முட்டிக்கு வேலை அப்போதுதான்.

31 ஆகஸ்ட் 2025

பார்த்துச் சொல்லச் சொல்லித் தம்பி அனுப்பிய ஷூ பார்சலில் வந்துசேர்ந்தது. உள்நாக்கில் தயாரித்த மாதம் அச்சிட்டிருக்கிறது, 2018. நடு அடுக்கை அழுத்தினேன், பள்ளம் அப்படியே நின்றது. திருப்பி அனுப்பவில்லை, போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சோளிங்கர் அடிவாரத்துக்கு வாருங்கள், அங்கிருந்து இறங்கியதும் இரண்டு பேருமாகப் போய் வேறு பார்த்து வாங்கலாம். கம்பளிக் காலுறையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.